செவ்வியல் யப்பானிய மொழியில் உட்கோள் உணர்த்தும் வினைவடிவங்கள்

போர்த்துக்கேய இயேசு சபைத் துறவியான ஜுவாவோ ரொத்ரீகஸ் எழுதிய யப்பானிய மொழி இலக்கணம் 1604 தொடக்கம் 1608 வரையான காலப்பகுதியில் நாகசாகியில் அச்சேறியது. யப்பானிய மொழி பற்றி ஐரோப்பியர் எழுதி அச்சிட்ட முதற் பேரிலக்கணம் என்னும் சிறப்பு அதற்குண்டு. மனுவேல் அல்வாரெஸ் என்பாரின் இலத்தீன் இலக்கணமே ரொத்ரீகசுக்கு மாதிரியாக அமைந்தது. ஆகவே, இலத்தீன் வினைக்குரிய காலப் பகுப்பினுள் யப்பானிய வினைகளையும் அடக்க அவர் முற்பட்டார். 'போவேன்', 'போவோம்', 'போகக்கூடும்' என்னும் பொருள்களைத் தந்த வடிவங்கள் யாவும் அங்கு 'எதிர்காலம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் இடம்பெற்றன.

அப்பகுப்பு முற்றிலும் பிழையானது என்று கூறவியலாது. ஒருவர் செய்யக் கருதும் செயல் இனி நிகழ வேண்டியதே. ஆயினும், அத்தலைப்பு ஒரு முக்கியமான உண்மையை மறைத்துவிட்டது. செவ்வியல் யப்பானியத்தில் காலத்தை மாத்திரம் சுட்டும் தனி எதிர்கால வடிவம் இல்லை. அங்குள்ளவை பேசுவோனின் உளநிலையைப் புலப்படுத்தும் வடிவங்களே: துணிதல், ஊகித்தல், விரும்புதல், தகுமெனக் கருதுதல் என அவை விரியும். ஒரே வடிவம் ஓரிடத்தில் உட்கோளையும் பிறிதோரிடத்தில் ஊகத்தையும் உணர்த்தும். எப்பொருள் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது, செயல் யாருடையது, அதைச் சொல்பவர் யார், அவ்விருவருக்குமிடையிலான சமூக உறவு யாது என்பனவாகும். எனவே இவ்வடிவங்களை ஆராயும்போது, 'எக்காலம்?' என்று வினவுவதிலும் 'யாருடைய உட்கோள்?' என்று வினவுவதே பயன்தருவதாகும். இக்கட்டுரை அவ்வினாவைக் கொண்டு அவ்வடிவங்களை விளக்க முயல்கின்றது.

1. மொழியும் எடுத்துக்காட்டுகளும்

இங்குச் செவ்வியல் யப்பானியம் எனக் குறிக்கப்படுவது, ஹெயன் காலத்தின் (794 - 1185) அரசவைப் பேச்சை அடிப்படையாகக் கொண்டு நிலைபெற்ற எழுத்துமொழியாகும். முரசாகி ஷிக்கிபுவின் 'கெஞ்ஜி கதை' இம்மொழியில் எழுந்த தலைசிறந்த படைப்பு. பேச்சு வழக்கு நூற்றாண்டுதோறும் மாறிச் சென்றபோதும், எழுத்துமொழி பெரும்பாலும் இவ்விலக்கணத்தையே இருபதாம் நூற்றாண்டு வரை போற்றி வந்தது.

எடுத்துக்காட்டுகள் யாவும் 'போ' எனப் பொருள்படும் 'யுகு' என்ற வினையைக் கொண்டு இக்கட்டுரைக்கென ஆக்கப்பட்டவை. அதன் ககரம் வல்லோசையுடையது. 'பெஷி', 'பயா' என்னும் சொற்களின் முதற் பகரத்தை 'பக்தி' என்பதிற்போல மெல்லோசையாகக் கொள்க. 'முஸு' என்பதன் ஸகரமும் அவ்வாறே அதிர்ந்தொலிப்பது.

தமிழ் வாசகர் முதலில் மனங்கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. யப்பானிய வினைமுற்று திணை, பால், எண், இடம் எதனையும் காட்டாது. எழுவாயும் பெரும்பாலும் கூறப்படுவதில்லை. தமிழ் வினைமுற்றோ இவற்றைக் காட்டியே தீரும். 'யுகமு' என்ற தனிச்சொல் ஒரு வாக்கியமாக நிற்குமாயின், அதனைத் தமிழிற் பெயர்ப்பவர் 'போவேன்' என்பதா, 'போவோம்' என்பதா, 'போவாள் போலும்' என்பதா என உடனடியாகத் தீர்மானிக்க வேண்டியவராகின்றார். மூலம் திறந்து வைத்திருக்கும் வாயிலைத் தமிழ் மூடிவிடுகின்றது. ஆகவே இவ்விலக்கணத்தை அறிவது எமக்கு வெறும் புலமைத் தேவையன்று. மொழிபெயர்ப்பின் நேர்மையோடு தொடர்புடையது.

2. நிகழா நிலை வடிவம்

யப்பானியப் பள்ளி இலக்கணம் வினையடிக்கு ஆறு வடிவங்களைக் கூறும். 'யுகு' என்னும் வினைக்கு அவை முறையே யுக, யுகி, யுகு, யுகு, யுகெ, யுகெ என அமையும். இவற்றுள் முதலாவதான 'யுக' என்பது 'மிசென்கெய்' எனப்படும். 'இன்னும் அவ்வாறு ஆகாத வடிவம்' என்பது அதன் சொற்பொருள். பௌத்தத் துறவியும் இலக்கண அறிஞருமான தோஜோ கிமொன் (1786 - 1843) இதனை 'ஆகவிருப்பதைக் கூறும் சொல்' என்னும் பொருள்பட 'ஷோசென்கென்' எனப் பெயரிட்டார். பின்வந்தோர் அப்பெயரை மாற்றினரெனினும் கருத்து ஏறத்தாழ அதுவே.

இவ்வடிவம் தனித்து நிற்பதில்லை. பின்னொட்டு ஒன்றை வேண்டி நிற்கும். அதனை ஏற்கும் பின்னொட்டுகளை வரிசைப்படுத்தின் ஓர் ஒழுங்கு புலனாகும். 'யுகஸு' என்பது 'போகவில்லை, போகான்' என்னும் எதிர்மறை. 'யுகபா' என்பது 'போனால்' என்னும் நிபந்தனை. 'யுகமு' உட்கோள் அல்லது ஊகம். 'யுகஜி' அதன் எதிர்மறை. 'யுகபயா' தன் விருப்பம். நடவாதது, நடந்தால், நடத்துவேன், நடக்கவேண்டும் என்னும் இவையெல்லாம் மெய்யாக நிகழ்ந்து முடியாத செயலைப் பற்றியனவே. மறுத்தலையும் எண்ணுதலையும் ஒரே அடியிலிருந்து தோற்றுவிக்கும் இவ்வமைப்பு, உட்கோளை இம்மொழி எவ்விடத்தில் வைத்து நோக்கியது என்பதைத் தெளிவாக்குகின்றது. உட்கோளும் நிகழா உலகைச் சேர்ந்ததாகவே இங்குக் கொள்ளப்பட்டது.

3. 'மு' என்னும் துணைவினை

உட்கோள் உணர்த்தும் வடிவங்களுள் தலையாயது 'மு' ஆகும். இதற்கு ஊகம், உட்கோள், தகுதி அல்லது அழைப்பு, கற்பனை அல்லது மென்மொழி எனப் பல பொருள்களைப் பள்ளி நூல்கள் கூறும். மாணவர்க்குக் கற்பிக்கப்படும் எளிய விதி பின்வருமாறு: எழுவாய் தன்மையாயின் உட்கோள், முன்னிலையாயின் தகுதி அல்லது அழைப்பு, படர்க்கையாயின் ஊகம்.

'வரெ யுகமு' எனின் 'நான் போவேன்' என்னும் துணிபு. 'தொமொ நி யுகமு' எனின் 'சேர்ந்து போவோம்' என்னும் அழைப்பு. 'கனொ ஹித்தொ யுகமு' எனின் 'அவர் போவார் போலும்' என்னும் ஊகம். மூன்றிலும் வினைவடிவம் ஒன்றே. 'போவேன்' என்ற சொல்லில் நாம் உட்கோளையும், 'போவான்' என்ற சொல்லிற் பெரும்பாலும் எதிர்பார்ப்பையும் உணர்வதை இதனோடு எண்ணிப்பார்க்கலாம். தன் செயலைப் பற்றி ஒருவன் துணியமுடியும். பிறன் செயலைப் பற்றி ஊகிக்கவே முடியும்.

பெயருக்கு அடையாய் வருமிடத்து இதே 'மு' வேறொரு பணியைச் செய்யும். 'கொமு ஹித்தொ' என்பது 'வரக்கூடியவர்', 'வருபவர் எவரேனும் இருப்பின் அவர்' என்னும் சாயலுடையது. வந்தவரையோ வருவது உறுதியானவரையோ அது சுட்டாது. பெயர்ப்பாளர் பலர் இந்நுண்பொருளைக் கைவிட்டு 'வருபவர்' என்று கூறி அமைவர். 'கொஸொ' என்னும் அழுத்த இடைச்சொல் முன்வரின் 'மு' என்பது 'மெ' எனத் திரியும். 'வரெ கொஸொ யுகமெ' என்பது 'நானே போவேன், பிறரல்லர்' என்னும் உறுதியைத் தரும். இடைச்சொல்லுக்கும் வினைமுடிவுக்கும் இடையிலான இவ்வியைபை மொத்தோஒரி நொரினாகா (1730 - 1801) விரிவாக ஆராய்ந்து விதிப்படுத்தினார்.

உட்கோளை மேலும் வலியுறுத்த, செயல் முடிவைக் காட்டும் 'ட்சு' அல்லது 'நு' என்னும் துணைவினை இடையிற் சேர்க்கப்படும். 'யுகினமு' என்பது 'போயே தீருவேன்' அல்லது 'போய்விடுவார்' எனப் பொருள்படும். ஆனால் 'யுகனமு' என்பதோ 'அவர் போகமாட்டாரா என ஏங்குகின்றேன்' என்னும் பிறர்மேற் செல்லும் விருப்பமாகும். முன்னையதில் 'யுகி', பின்னையதில் 'யுக'. ஓர் உயிரொலியின் வேறுபாடு துணிபையும் ஏக்கத்தையும் பிரித்து நிற்கின்றது. இதனைக் கவனியாது படிப்பவர், போகவேண்டுமென ஏங்குவோரைப் போகத் துணிந்தோராகக் கருதிவிடுவர்.

'மு'வின் ஒலி வரலாறும் அறியத்தக்கது. ஹெயன் காலத்திலேயே அது 'ன்' என ஒலிக்கத் தொடங்கியது. பின்னர் 'உ' எனத் திரிந்தது. யுகமு, யுகன், யுகவு என மாறிவந்த சொல், இன்றைய மொழியில் 'யுகோ' அல்லது 'இகோ' என வழங்குகின்றது. பொருளும் சுருங்கியது. இன்றைய 'இகோ' பெரும்பாலும் உட்கோளையும் அழைப்பையுமே உணர்த்தும். ஊகப்பொருளை 'தரோ' என்னும் சொல் ஏற்றுக்கொண்டது. அச்சொல்லும் 'தெ அரமு' என்பதிலிருந்து தோன்றியதாகலின், பழைய 'மு' அதனுள்ளும் மறைந்து வாழ்கின்றது. ஒரே வடிவம் தாங்கிநின்ற இரு பொருள்களும் இவ்வாறு இரு வடிவங்களாகப் பிரிந்தமை, அவை தொடக்கத்திலிருந்தே இருவேறு பொருள்கள் என்ற தோற்றத்தை இன்றைய யப்பானியருக்கும் ஏற்படுத்தியுள்ளது.

4. மரியாதைச் சொற்களும் எழுவாயும்

எழுவாய் கூறப்படாதவிடத்து உட்கோள் யாருடையது என்பதை வாசகர் எவ்வாறு அறிவர்? பெரும்பாலும் மரியாதைச் சொற்களே வழிகாட்டுகின்றன. 'யுகிதமவமு' என்பதில் உள்ள 'தமவு', செயலைச் செய்பவரை உயர்த்துவது. ஆகவே அச்செயல் பேசுவோனுடையதன்று. அது 'போவார் போலும்' என்னும் ஊகமாகவோ 'போகலாமே' என்னும் பணிவான தூண்டலாகவோ இருக்கவேண்டும். 'மயிரமு' என்பதில் உள்ள 'மயிரு', உயர்ந்தோரிடம் செல்வதைத் தாழ்மையுடன் கூறுவது. இது பெரும்பாலும் பேசுவோனின் உட்கோளாகவே அமையும்.

தமிழிற் 'போவேன்' என்பதன் விகுதி செய்யும் பணியை இங்குச் சமூகத் தகுதி வேறுபாடே செய்கின்றது. உட்கோளின் உரிமையாளரை அறிய வாசகர் அரசவையின் படிநிலைகளை அறிந்திருக்கவேண்டும். பண்டை நூல்களில் மன்னர் தம் செயலைத் தாமே உயர்த்திக் கூறும் இடங்களும் உள. அவ்விடங்களில் மேற்கூறிய விதி தலைகீழாகும்: உயர்த்தும் சொல்லே தன்மையின் உட்கோளைக் காட்டி நிற்கும். மொழியமைப்பைச் சமூக அமைப்பினின்று பிரித்து ஆராயமுடியாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

5. 'முஸு'வும் ஒரு சீமாட்டியின் கண்டனமும்

'யுகமு தொ ஸு' என்பது 'போவேன் என்று செய்' எனச் சொல்லுக்குச் சொல் பொருள்படும். 'போக முனைகின்றேன்', 'போகவிருக்கிறேன்' என்பது அதன் கருத்து. பேச்சு வழக்கில் இடையிலுள்ள 'தொ' தேய்ந்து 'யுகமுஸு' என்ற சுருங்கிய வடிவம் தோன்றியது.

கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் அரசியின் பணிப்பெண்ணாக இருந்த செய் ஷோனாகொன் தமது 'மகுரா நொ சோஷி'யில் இச்சுருக்கத்தைக் கண்டித்துள்ளார். 'தொ'வை விட்டுவிடுதல் பேச்சின் தரத்தைக் கெடுப்பதாகவும், அவ்வாறே கடிதத்தில் எழுதுதல் அதனினும் இழிவானதாகவும் அவர் கருதினார். மொழிமாற்றத்தை அது நிகழ்ந்துகொண்டிருந்த வேளையிலேயே பதிவுசெய்த அருஞ்சான்று இது. அதனைக் குறையெனக் கண்ட நோக்கோ அரசவையின் உயர்குழுவினருடையது. ஆனால் வரலாறு அவரது கண்டனத்துக்குச் செவிசாய்க்கவில்லை. காமகுரா காலத்துப் போர்க்கதைகளில் 'முஸு' மிகுதியாக வழங்கியது. போர்வீரர் தம் துணிபைக் கூற அதுவே ஏற்ற சொல்லாயிற்று. அரசவை இழிவழக்கெனத் தள்ளியது, ஆட்சி போர்க்குலத்தார் கைக்கு மாறியபின் இலக்கிய வழக்காக நிலைபெற்றது. பிற்காலத்தில் அச்சொல்லும் வழக்கொழிந்தது.

6. 'பெஷி': உட்கோளும் கடப்பாடும்

'மு' நிகழா நிலை வடிவத்தோடு சேர, 'பெஷி' பெரும்பாலும் வினையின் முற்று வடிவத்தோடு சேரும்: 'யுகுபெஷி'. 'பொருத்தமாக, தகும்படி' எனப் பொருள்படும் 'உபெ' என்ற சொல்லோடு இதன் தோற்றம் தொடர்புபடுத்தப்படுகின்றது. அத்தொடர்பு இதன் பொருள்களை நன்கு விளக்கும். ஊகம், உட்கோள், இயலுமை, கடப்பாடு, ஏவல், தகுதி என ஆறு பொருள்கள் இதற்குண்டு. இவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து 'ஸுயிகதொமெதெ' என ஒரு நினைவுச் சொல்லை யப்பானிய மாணவர் மனனம் செய்வர். அதனைப் பிரித்துப் பார்த்தால் 'தர்ப்பூசணியை நிறுத்தி' என்னும் வேடிக்கையான பொருள் தோன்றும்.

ஆறையும் இணைக்கும் இழை ஒன்றுண்டு. காரணங்களை நோக்குமிடத்து இச்செயல் நிகழ்வதே முறை என்னும் தீர்ப்பு அது. அத்தீர்ப்பு தன் செயலைப் பற்றியதாயின் உட்கோள். கேட்போனின் செயலைப் பற்றியதாயின் ஏவல் அல்லது அறிவுரை. பிறன் செயலைப் பற்றியதாயின் உறுதியான ஊகம். யாவர்க்கும் பொதுவாயின் கடப்பாடு. 'வரெ யுகமு' என்பவர் தம் உள்ளத்து எழுச்சியைக் கூறுகின்றார். 'வரெ யுகுபெஷி' என்பவர், தாம் போவதே தக்கது என்ற நியாயத்தை முன்வைத்துத் துணிகின்றார். முன்னையதற்கு உள்ளம் சான்று; பின்னையதற்கு நியாயம் சான்று.

கிழக்கு மாகாணங்களின் பேச்சில் இச்சொல் 'பெயி' எனத் திரிந்து, 'மு'வின் இடத்தைப் பெருமளவு கைப்பற்றியது. கந்தோப் பகுதி மக்களின் இவ்வழக்கை ரொத்ரீகசும் குறித்துள்ளார். இன்றும் வடகிழக்கு யப்பானில் 'இகுபெ' என்பது 'போவோம்' என்னும் அழைப்பாகவும் 'போவார்' என்னும் ஊகமாகவும் வழங்குகின்றது. தலைநகரின் எழுத்துமொழியில் மிடுக்கும் அதிகாரமும் கொண்டு விளங்கும் அதே சொல், உழவரின் வாயில் எளிய அழைப்பாக ஒலிக்கின்றது.

7. மறுத்துத் துணிதல்

'மு'வின் எதிர்மறை 'ஜி'. 'வரெ யுகஜி' எனின் 'நான் போகமாட்டேன்'. 'கனொ ஹித்தொ யுகஜி' எனின் 'அவர் போகமாட்டார் போலும்'. 'பெஷி'யின் எதிர்மறை 'மஜி'. 'யுகுமஜி' என்பது போகத்தகாது, போகவியலாது, போகாதே, போவதில்லை என்ற துணிபு ஆகியவற்றை இடத்திற்கேற்ப உணர்த்தும். இன்றைய மொழியின் 'மயி' இதன் வழிவந்ததே.

ஹெயன் காலப் பெண்பாற் புலவர் கையாண்ட கனா உரைநடையில் 'மஜி' பெருவழக்கு. சீன நூல்களை யப்பானிய மொழியமைப்பிற் படிக்கும் 'குந்தொகு' நடையிலோ 'பெகரஸு' என்ற வடிவமே பெரும்பான்மை. 'நுழையலாகாது' என அறிவிக்கும் பலகைகளில் இன்றும் காணப்படுவது இவ்வடிவமே. இரு நடைகளின் இவ்வேறுபாடு பின்னர் அரசியல் மொழியை நோக்கும்போது எமக்குப் பயன்படும்.

8. தயக்கமும் விருப்பமும்

உட்கோள் எப்போதும் உறுதியோடு பிறப்பதில்லை. நிகழாததைக் கற்பனை செய்யும் 'மஷி' என்னும் துணைவினை, வினாச் சொல்லோடு வரும்போது தயங்கும் உட்கோளை உணர்த்தும். 'இஸுகொ நி யுகமஷி' என்பது 'எங்குத்தான் போவேனோ' என்பது போன்றது. போகவேண்டும் என்ற எண்ணம் உண்டு, திசை தெளிவில்லை. அத்தத்தளிப்புக்கென ஒரு துணைவினையைப் பயன்கொண்டமை இம்மொழியின் நுட்பங்களுள் ஒன்று.

விருப்பத்தை உணர்த்துவனவற்றுள் 'பயா' தன் செயல் குறித்தது: 'யுகபயா', போகவேண்டும் என ஆசைப்படுகின்றேன். முன்னர்க் கூறிய 'யுகனமு' பிறர் செயல் குறித்தது. 'மஹொஷி' என்பது 'மு'வின் பழைய பெயராக்க வடிவமான 'மகு' என்பதோடு, விரும்பத்தக்கது எனப் பொருள்படும் 'ஹொஷி' சேர்ந்து திரிந்ததாகும். ஆகவே 'யுகமஹொஷி' என்பதனுள், 'போவேன் என்பதை விரும்புகின்றேன்' என்று விருப்பம் உட்கோளைத் தன்னுள் அடக்கி நிற்கின்றது. காமகுரா காலம் தொடக்கம் 'யுகிதஷி' என்பது இதன் இடத்தைப் பெற்றது. இன்றைய 'இகிதாயி' என்னும் விருப்ப வடிவம் அதிலிருந்து வந்தது. போவேன் என்பதும் போக விரும்புகின்றேன் என்பதும் ஒன்றல்ல. இயலாது என அறிந்தும் ஒருவர் விரும்பலாம். அவ்வேறுபாட்டை இம்மொழி கவனமாகப் பேணியுள்ளது.

9. இலக்கணகாரர் கண்ட விளக்கங்கள்

இவ்வடிவங்களை யப்பானிய அறிஞர் ஐரோப்பியச் சட்டகமின்றியே ஆராயத் தொடங்கியிருந்தனர். புஜித்தானி நரியகிரா (1738 - 1779) சொற்களை மனித உடலுக்கு ஒப்பிட்டு, பெயரை உடலாகவும், வினையையும் உரியையும் ஆடையாகவும், இடைச்சொற்களையும் துணைவினைகளையும் கால்மறையாகவும் வகுத்தார். அவரது 'அயுயிஷோ' 1778 இல் வெளிவந்தது. அந்நூல் ஒவ்வொரு துணைவினைக்கும் தம் காலத்துப் பேச்சுமொழியில் ஈடு கூறிப் பொருளை விளக்கியது.

மெய்ஜி காலத்தில் மேலை இலக்கண முறை மீண்டும் வலுவுடன் நுழைந்தது. எதிர்காலம் என்னும் பெயரும் பாடநூல்களில் இடம்பெற்றது. இதனை மறுத்தோருள் யமதா யொஷியோ முதன்மையானவர். 1908 இல் வெளிவந்த தமது பேரிலக்கணத்தில், துணைவினைகள் எனப்பட்டவை தனிச்சொற்களல்ல, வினையின் விரிந்த ஈறுகளே என அவர் வாதிட்டார். 'மு' காலத்தைக் காட்டுவதன்று, நிகழாததை உள்ளத்தில் அமைத்துக் காண்பதை உணர்த்துவது என்பது அவர் கொள்கை. ஒரு பெயரீட்டின் பின்னணியில் ஒரு மொழியைப் பிறிதொரு மொழியின் அளவுகோலால் அளக்கும் வழக்கம் இருந்தது என்பதை இவ்வாதம் உணர்த்தியது.

10. அதிகாரம் பேசும்போது

மெய்ஜி அரசின் ஆவணமொழி 'குந்தொகு' நடையிலிருந்து உருவானது. 1887 இல் வெளிவரத் தொடங்கிய புத்தபத்தெய் ஷிமெயியின் 'உகிகுமோ' போன்ற நாவல்கள் பேச்சுமொழியை இலக்கியத்திற் புகுத்தின. எனினும் சட்டமும் அரசாணையும் பழைய இலக்கணத்திலேயே நின்றன. அங்கு 'பெஷி'யின் பல்பொருள் தன்மை அரசியற் பயன் பெற்றது.

1868 ஆம் ஆண்டின் ஐந்து உறுதிமொழிகளுள் நான்கு 'பெஷி' என முடிகின்றன. அவை பேரரசர் தெய்வங்களின் முன் எடுத்த உறுதிமொழிகள். அவ்வகையில் அவை தன்மையின் உட்கோள்: 'செய்வோம்'. ஆட்சியின் கொள்கை என்னும் வகையில் கடப்பாடு: 'செய்யவேண்டும்'. குடிகள் கேட்கும்போது ஏவல்: 'செய்க'. ஒரே சொல் மூன்றாகவும் நிற்கின்றது. ஆளுவோனின் உட்கோள் எவ்விடத்தில் ஆளப்படுவோரின் கடமையாக மாறுகின்றது என்பதை இலக்கணம் வெளிக்காட்டவில்லை. 1890 ஆம் ஆண்டின் கல்வி குறித்த பேரரசாணையில் 'பெஷி' குடிகளை நோக்கி ஏவலாகவே ஒலித்தது. பாடசாலைகளிற் பிள்ளைகள் அவ்வாணையை மனனம் செய்தனர்.

1945 ஆகஸ்ட் 15 ஆம் திகதி, போர்முடிவை அறிவித்த பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது. அவ்வாணை எழுதப்பட்ட மொழி செவ்வியல் யப்பானியமே. பேரரசரின் துணிபு 'மு தொ ஹொஸ்ஸு' என்னும் குந்தொகு வாய்பாட்டில் அமைந்திருந்தது, '...வேன் என விழைகின்றேன்' என்பது அதன் பொருள். கேட்டோரிற் பலருக்கு அம்மொழி எளிதில் விளங்கவில்லை. மாபெரும் அழிவின் முடிவில் வெளியிடப்பட்ட அவ்வுட்கோள் ஒருவருடையதாகவே இலக்கணத்தில் நின்றது. அழிவைச் சுமந்தோர் அதன் கேட்போராக மாத்திரம் இருந்தனர்.

1946 நவம்பர் 3 ஆம் திகதி பிரகடனம் செய்யப்பட்ட புதிய அரசியலமைப்போ பேச்சுமொழி இலக்கணத்தில் எழுதப்பட்டது. அதன் முகவுரையில் உறுதிபூணும் எழுவாய் யப்பானிய மக்களாவர். 'மு'வும் 'பெஷி'யும் நின்ற இடத்தில், தீர்மானித்தல் என்னும் வெளிப்படையான வினை வந்தது. ஆயினும் அவ்வரசியலமைப்புக்கு அடிப்படையான வரைவு நேசநாடுகளின் ஆக்கிரமிப்பு நிருவாகத்திலே தயாரிக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. வாக்கியத்தின் எழுவாயை இலக்கணம் காட்டலாம். அவ்வெழுவாய்க்கு உண்மையில் எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்பதை வரலாற்றிலேயே தேடவேண்டும்.

11. முடிவுரை

யப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919 - 2008) தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவுண்டு என முன்வைத்த கருத்தினால், யப்பானிய இலக்கணம் ஈழத்துத் தமிழறிஞர் கவனத்தை ஈர்த்தது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து பணியாற்றினர். அவ்வுறவுக் கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும் அம்முயற்சி எம்மவரை யப்பானிய மூலங்களை நேரடியாகப் பயிலத் தூண்டியது பெரும்பேறாகும்.

இத்தகைய ஒப்பீட்டில் ஈடுபடுவோர்க்கு மேற்கூறியவை ஓர் எச்சரிக்கையையும் தருகின்றன. யப்பானிய 'மு'வையும் தமிழ் 'உம்' ஈற்றையும் அருகருகே வைக்கும்போது, ஒலியொப்புமையும் எதிர்காலம் என்ற பொதுப்பெயரும் எவரையும் கவரும். ஆனால் அப்பொதுப்பெயர் இலத்தீன் இலக்கணத்தினூடாக வந்து சேர்ந்தது என்பதை அறிந்தபின், ஒப்பிடப்படுவது இரு மொழிகளின் இயல்புகளையா, இரண்டின்மீதும் ஒட்டப்பட்ட ஒரு தலைப்பையா என வினவாமல் இருக்கமுடியாது. ஒவ்வொரு மொழியின் வடிவத்தையும் முதலில் அம்மொழியின் அமைப்பினுள்ளும் அதைப் பேசிய சமூகத்தினுள்ளும் வைத்து விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

'மு' உள்ளத்து எழுச்சியிலிருந்தும், 'பெஷி' நியாயத்தின் தீர்ப்பிலிருந்தும், 'மஷி' தயக்கத்திலிருந்தும், 'பயா' ஆசையிலிருந்தும் பேசுகின்றன. அவற்றின் முழுப்பொருளை நிறைவுசெய்வது, வாக்கியத்திற் பெரும்பாலும் கூறப்படாத அந்த மனிதரே. தமிழிற் பெயர்ப்பவர் 'ஏன்', 'ஓம்', 'ஆர்' என்னும் விகுதிகளுள் ஒன்றைத் தேரும் ஒவ்வொரு வேளையிலும், அம்மனிதர் யார் என்பது குறித்துத் தீர்ப்பு வழங்குகின்றார். அத்தீர்ப்பை அறிந்து வழங்குவதற்கு இவ்விலக்கணப் பயிற்சி உதவுமாயின், அதுவே இதன் பயன்.